வாடகை வருமானத்துக்குக் கூடுதல் வரி: மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்தியாவில் வீடோ கடையோ குடோனோ வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தின் மேல் வருமான வரி அதிகாரி போட்ட கணக்கை ஏற்க முடியாதவர்களுக்கான பக்கம் இது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுகளின் வருமானத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம்தான் பொருந்தும். இன்று நிலுவையில் உள்ள வழக்குகளில் பெரும்பாலானவை அந்த வகை என்பதால், கீழே வரும் பிரிவு எண்கள் எல்லாம் 1961 சட்டத்தின் எண்கள்.

தீர்ப்பாயமும் வருமான வரித்துறையின் ஒரு கிளைதானே? அங்கே போய் என்ன நியாயம் கிடைக்கும்?

இல்லை. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 1941 ஜனவரி 25 முதல் இயங்குகிறது. அது சட்ட அமைச்சகத்தின் கீழ் வருகிறது, நிதி அமைச்சகத்தின் கீழ் அல்ல. ஒரு நீதித்துறை உறுப்பினரும் ஒரு கணக்கியல் உறுப்பினரும் சேர்ந்து விசாரிப்பார்கள். அதிகாரி கணக்கிட்ட மொத்த வருமானம் ரூ.50 லட்சத்துக்குள் இருந்தால் ஒரே உறுப்பினர் விசாரிக்கலாம். துறையும் அங்கே உங்களைப் போல ஒரு கட்சிக்காரர்தான்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். "வீடு எட்டு மாதம் காலியாக இருந்ததா, இல்லையா" போன்ற நடந்த விஷயங்களைப் பற்றிய கேள்விகளுக்குக் கடைசி மேடை இதுதான். இதற்கு மேலே உள்ள உயர் நீதிமன்றம் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால்தான் வழக்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே இங்கே காட்டாத ரசீதை அங்கே போய் நீட்ட முடியாது.

மதிப்பீட்டு உத்தரவு (அதிகாரி போட்ட வரிக் கணக்கு) கையில் வந்ததும் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா?

முதலில் ஆணையர் (மேல்முறையீடு) முன் படிவம் 35இல் முறையீடு செய்ய வேண்டும். வரிக் கோரிக்கை நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து 30 நாள் அவகாசம். மொத்த வருமானத்தைப் பொறுத்துக் கட்டணம் ரூ.250, 500 அல்லது 1,000. நீங்களே ரிட்டர்னில் காட்டிய வருமானத்துக்கான வரி பாக்கி இருந்தால் முறையீட்டை ஏற்கமாட்டார்கள். அதை முதலில் கட்டிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. முடிந்துபோன மதிப்பீட்டை முதன்மை ஆணையர் பிரிவு 263இன் கீழ் திருத்தி உத்தரவிட்டிருந்தால், அதை எதிர்த்து நேராகத் தீர்ப்பாயம் போகலாம்.

வந்தது முழு மதிப்பீட்டு உத்தரவு அல்ல, ரிட்டர்னைக் கணினியில் சரிபார்க்கும் துறையின் பெங்களூரு மையத்திலிருந்து வந்த 143(1) அறிவிப்பு மட்டும்தான், அதிலும் வெறும் கூட்டல் கழித்தல் தப்புதான் என்றால் முதலில் பிரிவு 154இல் திருத்தம் கேளுங்கள். ஆனால் திருத்த மனு நிலுவையில் இருப்பதால் 30 நாள் கெடு நிற்காது. சந்தேகமாக இருந்தால் இரண்டையும் செய்யுங்கள்.

"வரி ரொம்ப அதிகம்" என்று சொன்னால் போதாதா?

போதாது. வாடகை வருமானக் கணக்கு நாலைந்து படி கொண்டது. எந்தப் படியில் அதிகாரி தவறினார் என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

மாதம் ரூ.30,000 வாடகை, ரூ.10 லட்சம் அட்வான்ஸ், அரையாண்டுக்கு ரூ.9,000 வீட்டு வரி என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு வாடகை 3,60,000. அந்த ஆண்டில் நீங்கள் கட்டிய வீட்டு வரி 18,000 போக 3,42,000. அதில் பிரிவு 24(ஏ) தரும் 30 சதவீதக் கழிவு 1,02,600. மிச்சம் 2,39,400. வீட்டுக் கடன் இருந்தால் வட்டியையும் இதிலிருந்து கழிக்க வேண்டும்.

இப்போது அதிகாரி, அட்வான்ஸுக்கு 12 சதவீதம் வட்டி என்று 1,20,000ஐ வாடகையோடு கூட்டுகிறார், வீட்டு வரிக்கு ரசீது இல்லை என்று 18,000ஐ மறுக்கிறார். 4,80,000இல் 30 சதவீதம் போக 3,36,000 ஆகிவிடும். வித்தியாசம் 96,600. 30 சதவீத வரி அடுக்கில் இருப்பவருக்கு செஸ் சேர்த்து ஏறத்தாழ ரூ.30,140 கூடுதல் வரி, அதற்கு மேல் வட்டி. இதில் இருப்பது இரண்டு தனித்தனிச் சண்டைகள். முதலாவது சட்டம் பற்றியது, இரண்டாவது ரசீது பற்றியது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழைத்து எழுதினால் இரண்டும் வலுவிழக்கும்.

அட்வான்ஸுக்குக் கற்பனை வட்டி போட்டு வாடகையோடு சேர்ப்பது சரியா?

இந்த விஷயத்தில் வீட்டுக்காரர் பக்கம் நல்ல தீர்ப்புகள் உள்ளன. டெல்லி உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு மோனி குமார் சுப்பா வழக்கில் (2011), வட்டியில்லா வைப்புத்தொகைக்கு ஒரு கற்பனை வட்டியைப் போட்டு அதை வைத்து நியாய வாடகையை முடிவு செய்யக்கூடாது என்றது. பம்பாய் உயர் நீதிமன்றம் டிப் டாப் டைப்போகிராஃபி வழக்கில் (2014) உள்ளாட்சி நிர்ணயித்த மதிப்பை ஓர் அளவுகோலாக ஏற்றது. வாடகையைக் குறைத்துக் காட்டியதற்கு உறுதியான சான்று இருந்தால் மட்டுமே அதிகாரி அதைத் தாண்டிப் போகலாம் என்றும் சொன்னது.

தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வைக் கட்டுப்படுத்துவது உச்ச நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும்தான். டெல்லி, பம்பாய் தீர்ப்புகளை எடுத்துக்காட்டலாம், ஆனால் கட்டளையாகக் காட்ட முடியாது.

மாத வாடகையே இல்லை. 'லீஸ்' என்று மொத்தமாகப் பத்து லட்சம் வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுத்திருக்கிறேன். வாடகை பூஜ்யம் என்றால் வரியும் பூஜ்யம்தானே?

தமிழ்நாட்டில் லீஸ், ஒத்தி, போகியம் என்று பல பெயரில் நடக்கும் ஏற்பாடு இது. அதிகம் பேர் ஏமாறும் இடமும் இதுதான். மேலே சொன்ன தீர்ப்புகளைப் பிடித்துக்கொண்டு "கற்பனை வட்டி வாடகை ஆகாது, ஆகவே வருமானமே இல்லை" என்று வாதிடுவார்கள். முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. பிரிவு 23(1)(ஏ) பார்ப்பது கைக்கு வந்த வாடகையை அல்ல. அந்த வீடு ஆண்டுக்கு எவ்வளவு வாடகைக்குப் போகக்கூடும் என்பதையே பார்க்கிறது. நகராட்சி மதிப்பு, அக்கம்பக்க நியாய வாடகை இரண்டில் கூடியது எதுவோ அது, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் நிர்ணய வாடகை இருந்தால் அதற்கு மேல் போகாமல். உண்மையில் வாங்கிய வாடகை இதைவிடக் கூடுதல் என்றால்தான் வாங்கிய வாடகை கணக்கில் வரும். ஆகவே லீஸ் வீட்டுக்கு நியாய வாடகை எவ்வளவு என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அதை நீங்களே சான்றோடு சொல்வது நல்லது. சொல்லாவிட்டால் அதிகாரி ஒரு எண்ணைச் சொல்வார்.

சான்று என்றால் மாநகராட்சி வீட்டு வரிக் கணக்கில் உள்ள ஆண்டு வாடகை மதிப்பு, அதே தெருவில் அதே அளவும் அதே வயதும் உள்ள வீடுகளின் ஒப்பந்த நகல்கள். இணையத்தில் 'வாடகைக்கு' என்று போட்ட விளம்பரத் தொகை வெறும் கேட்பு விலை. அதிகாரி அதை எடுத்துப் போட்டிருந்தால் ஆட்சேபியுங்கள். 'விசாரணையில் தெரியவந்தது' என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த விசாரணை அறிக்கையின் நகல் உங்களுக்குத் தரப்பட்டதா என்று பாருங்கள். தரவில்லை என்றால் அதுவே தனி வாதம்.

நிர்ணய வாடகை வாதத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்துக்கு அது எடுபடும். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் வாடகை இருதரப்பு ஒப்பந்தப்படிதான். அதன் பிறகான ஆண்டுகளுக்குப் பழைய தீர்ப்புகளை அப்படியே ஒட்டினால் பலன் குறைவு.

லீஸ் தொகையை ரொக்கமாக வாங்கியிருந்தால் பெரிய தொகையை ரொக்கமாக வாங்கத் தடை போடும் பிரிவு 269எஸ்எஸ் பற்றிய கேள்வியும் கூடவே கிளம்பும். முறையீட்டில் எழுதும் ஒவ்வொரு வரியையும் அதை நினைத்து எழுதுங்கள்.

வீடு காலியாகக் கிடந்த மாதங்களுக்கும் வாடகை போட்டுவிட்டார்கள்.

ஆண்டில் சில மாதமாவது குடியிருந்து, மீதி மாதம் காலி என்றால் பிரிவு 23(1)(சி) தெளிவாக உங்களுக்குத் துணை. வந்த வாடகை மட்டுமே கணக்கு. ஆண்டு முழுக்கக் காலி என்றால்தான் தகராறு. ஆந்திர உயர் நீதிமன்றம் விவேக் ஜெயின் வழக்கில் (2011) அந்த ஆண்டில் வாடகைக்கே விடாத சொத்துக்கு இந்தச் சலுகை இல்லை என்றது. தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு பிரேம்சுதா எக்ஸ்போர்ட்ஸ் வழக்கில் (2008) விடும் எண்ணமும் முயற்சியும் இருந்தால் போதும் என்றது. இரண்டாவதைப் பிடிப்பவர் முயற்சியைக் காட்ட வேண்டும். புரோக்கருக்கு அனுப்பிய மெயில், விளம்பர ரசீது, குறைந்தபட்ச யூனிட் மட்டும் ஓடிய மின் கட்டண அட்டை, முந்தைய குடித்தனக்காரர் சாவி ஒப்படைத்த கடிதம். இவற்றில் மின் அட்டைக்கு இருக்கும் மதிப்பு வேறெதற்கும் இல்லை.

குடித்தனக்காரர் வாடகையே தரவில்லை. தராத வாடகைக்கு வரியா?

வருமான வரி விதிகளில் விதி 4இன் நான்கு நிபந்தனையும் நிறைவேறினால் கழிக்கலாம். வாடகை ஒப்பந்தம் உண்மையானதாக இருக்க வேண்டும். அவர் காலி செய்திருக்க வேண்டும், அல்லது காலி செய்ய வைக்க நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். உங்களுடைய வேறு சொத்தில் அவர் குடியிருக்கக் கூடாது. வசூலிக்க வழக்குப் போட்டிருக்க வேண்டும், அல்லது போட்டாலும் பயனில்லை என்று அதிகாரியை ஏற்க வைக்க வேண்டும். நடைமுறையில் பலர் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் விழுகிறார்கள். குறைந்தது ஒரு வக்கீல் நோட்டீஸாவது அந்தக் காலத்திலேயே போயிருக்க வேண்டும். முறையீட்டுக்காக இன்று அனுப்பும் நோட்டீஸ் உதவாது. பின்னால் பணம் வசூலானால் அது வந்த ஆண்டில், 30 சதவீதம் கழித்து, பிரிவு 25ஏ படி வரிக்கு வரும்.

பெயின்ட், பிளம்பிங், புரோக்கர் கமிஷன்?

30 சதவீதத்துக்குள் எல்லாம் அடக்கம். நீங்கள் ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் 30, வீட்டையே புதுப்பித்தாலும் 30. இதற்காகத் தீர்ப்பாயம் போகாதீர்கள். வீட்டு வரி மட்டும் தனி. அதை நீங்கள் கட்டியிருக்க வேண்டும், அந்த நிதியாண்டிலேயே கட்டியிருக்க வேண்டும். பழைய பாக்கியை இந்த ஆண்டு கட்டினால் இந்த ஆண்டில் கழிக்கலாம். குடித்தனக்காரர் கட்டினால் உங்களுக்குக் கழிவு இல்லை.

26ஏஎஸ் படிவத்தில் (என் பெயரில் பிறர் பிடித்துக் கட்டிய வரியின் விவரம்) இருக்கும் தொகையும் ரிட்டர்னில் காட்டிய வாடகையும் பொருந்தவில்லை என்று கூட்டிவிட்டார்கள்.

இதற்கு வழக்கமான காரணங்கள் சில. கடை வாடகைக்கு ஜிஎஸ்டி சேர்த்த பில் தொகை முழுவதற்கும் கம்பெனி டிடிஎஸ் (வாடகை தரும்போதே கழித்துக் கட்டும் வரி) பிடித்திருக்கும். ஜிஎஸ்டி உங்கள் வருமானம் அல்ல. பில்லில் அது தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதன் மேல் டிடிஎஸ்ஸே பிடிக்கத் தேவையில்லை என்று 2017ஆம் ஆண்டின் 23ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. சில இடங்களில் திருப்பித் தரவேண்டிய அட்வான்ஸுக்கும் வாடகை என்று எண்ணி வரி பிடித்திருப்பார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் சொந்தமான கட்டடத்துக்கு மொத்த டிடிஎஸ்ஸும் ஒருவர் பான் எண்ணிலேயே போயிருக்கும். பங்கு பத்திரத்தில் தெளிவாக இருந்தால் பிரிவு 26 படி அவரவர் பங்குக்குத்தான் வரி. தம்பி தன் பாதியை ரிட்டர்னில் காட்டியிருப்பதையும் சேர்த்துக் காட்டுங்கள், வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

துறைக்கு வாடகை தெரியவரும் இன்னொரு வழி, குடித்தனக்காரர் தன் ஆபீசில் கொடுக்கும் வீட்டு வாடகைப்படி விவரம். ஆண்டு வாடகை ரூ.1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் கேட்பார்கள். அவர் கூட்டிச் சொல்லியிருந்தால், உங்கள் வங்கிக் கணக்குப் பதிவும் ஒப்பந்தமும்தான் பதில்.

வாடகையை வியாபார வருமானமாகக் காட்டினேன், ஏற்கவில்லை.

சென்னை ப்ராப்பர்ட்டீஸ் (2015), ராயலா கார்ப்பரேஷன் (2016) ஆகிய இரண்டு சென்னைக் கம்பெனிகளின் வழக்கிலும், வாடகைக்கு விடுவதே தொழிலாக இருந்ததால் அது வியாபார வருமானம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ராஜ் தாதர்கர் வழக்கில் (2017) ஏற்கவில்லை. ஆவணத்தில் நோக்கம் எழுதியிருந்தால் மட்டும் போதாது, தொழில் நடந்ததற்குச் சான்று வேண்டும் என்றது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டு (அதாவது 2024-25இல் வந்த வருமானம்) முதல் குடியிருப்பு வீட்டை உரிமையாளர் வாடகைக்கு விட்டால் அது வீட்டுச் சொத்து வருமானம்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இனி இந்த வாதம் வணிகக் கட்டடங்களுக்கு மட்டும்.

தீர்ப்பாயத்துக்கு எத்தனை நாளுக்குள் போக வேண்டும்?

ஆணையரின் உத்தரவு உங்களுக்குக் கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து இரண்டு மாதம். 2024 அக்டோபர் 1க்கு முன்பு 60 நாள் என்று இருந்தது. உத்தரவு ஜூன் 10 கிடைத்தால் ஆகஸ்ட் 31 கடைசி நாள்.

தாமதமானால் போதிய காரணம் காட்டி மன்னிப்புக் கோரலாம். உத்தரவு பழைய ஆடிட்டரின் மெயிலுக்குப் போய்விட்டது என்பது இப்போது அடிக்கடி கேட்கும் காரணம். அதை வெறும் வாயால் சொல்லாமல், பிரமாணப் பத்திரமும் வருமான வரிப் போர்ட்டலில் பதிந்திருந்த மெயில் முகவரியின் திரைப்பதிவும் வையுங்கள். எந்தத் தேதியில், எப்படி உங்களுக்குத் தெரியவந்தது என்பதை நாள் வாரியாக எழுதுங்கள்.

கட்டணம் எவ்வளவு? சின்னத் தொகைக்குப் போவது லாபமா?

அதிகாரி கணக்கிட்ட மொத்த வருமானம் ரூ.1 லட்சம் வரை என்றால் ரூ.500, 2 லட்சம் வரை 1,500, அதற்கு மேல் மொத்த வருமானத்தில் 1 சதவீதம், அதிகபட்சம் ரூ.10,000. கவனியுங்கள், தகராறில் உள்ள தொகையில் அல்ல, மொத்த வருமானத்தில். சம்பளமும் சேர்ந்து 14 லட்சம் என்றால் மேலே சொன்ன 30,140 ரூபாய் சண்டைக்கே கட்டணம் 10,000. ஆடிட்டர் கட்டணம் தனி. ஒரே ஆண்டோடு முடியும் ரசீதுப் பிரச்சினை என்றால் கட்டிவிட்டுப் போவதே மேல். அட்வான்ஸ் வட்டி போல ஒவ்வொரு ஆண்டும் திரும்பி வரும் என்றால் போராடத்தான் வேண்டும்.

என்னென்ன தாக்கல் செய்ய வேண்டும்?

படிவம் 36. அதோடு ஆணையர் உத்தரவு, அதிகாரியின் உத்தரவு, ஆணையர் முன் வைத்த முறையீட்டுக் காரணங்கள், சம்பவ விவரம், கட்டணச் சலான். தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் பதிந்துவிட்டு, பதிவகம் கேட்கும் அச்சுப் பிரதிகளையும் கொடுங்கள். சலானில் மதிப்பீட்டு ஆண்டு தவறினாலோ கையெழுத்து விட்டுப்போனாலோ குறை நோட்டீஸ் வரும். குறையைத் தீர்க்காமல் விட்டால் முறையீடே போகும்.

காரணங்களைச் சுருக்கமாக, எண் போட்டு, வாதம் கலக்காமல் எழுத வேண்டும் என்பது தீர்ப்பாய விதி 8. "ரூ.10 லட்சம் வைப்புத்தொகைக்குக் கற்பனை வட்டியாக ரூ.1,20,000ஐ ஆண்டு மதிப்பில் சேர்த்ததை ஆணையர் உறுதி செய்தது தவறு" என்று ஒரு காரணம். வீட்டு வரிக்கு இன்னொன்று. எழுதாத காரணத்தை அனுமதி பெறாமல் வாதிட முடியாது. ஆனால் ஏற்கனவே பதிவில் உள்ள விவரங்களிலிருந்து எழும் சட்டக் கேள்வியைக் கூடுதல் காரணமாக எழுப்பலாம் என்று நேஷனல் தெர்மல் பவர் வழக்கில் (1998) உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

புது ஆவணம் கொடுக்கலாமா?

உரிமையாகக் கேட்க முடியாது. தீர்ப்பாய விதி 29 படி தனி மனு போட்டு, ஏன் முன்பே கொடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். ஏற்றுக்கொண்டாலும் பெரும்பாலும் அதிகாரிக்கே திருப்பி அனுப்புவார்கள், வழக்கு இன்னும் ஓரிரு ஆண்டு இழுக்கும். அதனால்தான் ஆணையர் கட்டத்திலேயே விதி 46ஏ மனுவோடு (அங்கே புதுச் சான்று சேர்க்கக் கேட்கும் மனு) எல்லாவற்றையும் உள்ளே சேர்த்துவிட வேண்டும் என்கிறோம்.

ஏற்கனவே கொடுத்தவற்றைப் பக்க எண்ணும் பொருளடக்கமும் போட்டு, 'பேப்பர் புக்'காகக் கட்டி, விசாரணைக்கு முன்பே தாக்கல் செய்யுங்கள், எதிர்த் தரப்புக்கும் ஒரு பிரதி. எந்தப் பக்கம் யார் முன் எப்போது கொடுக்கப்பட்டது என்று பொருளடக்கத்திலேயே குறியுங்கள். நூறு பக்கம் தேவையில்லை. வாடகை வழக்குக்கு முப்பது பக்கம் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் சேர்த்திருக்கிறீர்கள்.

ஆணையர் என் தரப்பைக் கேட்காமலே தள்ளுபடி செய்துவிட்டார்.

நேரில் பார்க்காமல் இணையத்திலேயே விசாரிக்கும் முகமற்ற முறை வந்த பிறகு இது பெருகிவிட்டது. போர்ட்டலில் மூன்று நோட்டீஸ், ஒன்றுக்கும் பதில் இல்லை, தள்ளுபடி. பதில் வராவிட்டாலும் ஆணையர் ஒவ்வொரு காரணத்தையும் எடுத்து முடிவு எழுத வேண்டும் என்கிறது பிரிவு 250(6). இதை முதல் காரணமாகவே வையுங்கள். தீர்ப்பாயம் பல வழக்குகளில் திரும்ப விசாரிக்க அனுப்புகிறது, சில சமயம் செலவுத்தொகை கட்டச் சொல்லியும். ஆனால் திரும்பிப் போன பிறகும் போர்ட்டலைப் பார்க்காவிட்டால் அடுத்த முறை அனுதாபம் இருக்காது.

முறையீடு நடக்கும்போது வரியைக் கட்ட வேண்டுமா?

முறையீடு போட்டதால் வசூல் நிற்காது. ஆணையர் கட்டத்தில் பொதுவாக ஒரு பங்கைக் கட்டினால் அதிகாரி மீதியை நிறுத்தி வைப்பார். தீர்ப்பாயத்தில் ஸ்டே (வசூலை நிறுத்தி வைக்கும் உத்தரவு) மனுவுக்குக் கட்டணம் ரூ.500, 20 சதவீதம் கட்டியிருக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடு காட்ட வேண்டும். 180 நாளுக்குத் தருவார்கள். தாமதம் உங்களால் இல்லை என்றால் நீட்டிப்பார்கள். விசாரணையை நீங்களே தள்ளிப்போடக் கேட்டால் ஸ்டேக்கு ஆபத்து. நிறுத்தி வைத்த தொகைக்கும் மாதம் 1 சதவீத வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தோற்றால் அதுவும் சேரும்.

வக்கீல் கட்டாயமா?

இல்லை. நீங்களே வாதிடலாம். ஆடிட்டர், வழக்கறிஞர், ஏன், உறவினர் ஒருவரே கூட அதிகாரப் பத்திரத்தோடு ஆஜராகலாம். விசாரணை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். "பேப்பர் புக் பக்கம் 7, மாநகராட்சி ரசீது" என்று உடனே காட்டுகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் தாராளம்.

அபராத நோட்டீஸும் வந்திருக்கிறது. முறையீட்டோடு அதுவும் போய்விடுமா?

இதை முறையீடு போடும் முன்பே யோசிக்க வேண்டும். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவீதம், திரித்துக் காட்டியதாக முடிவு செய்தால் 200 சதவீதம் அபராதம். 50 சதவீத வகைக்குப் பிரிவு 270ஏஏ ஒரு வழி தருகிறது: வரியையும் வட்டியையும் கட்டி, முறையீடு செய்யாமல், உத்தரவு கிடைத்த மாதத்தின் முடிவிலிருந்து ஒரு மாதத்துக்குள் படிவம் 68 போட்டால் அபராதத்திலிருந்து விலக்கு. முறையீடு போட்ட நாளில் அந்தக் கதவு மூடிவிடும். ரசீதே இல்லாத வழக்குக்காரர்கள் இந்தப் பக்கம் போவது புத்திசாலித்தனம்.

ஆணையரிடம் ஜெயித்தேன். துறை மேலே போகுமா?

2024 செப்டம்பர் முதல், தகராறில் உள்ள வரி ரூ.60 லட்சத்தைத் தாண்டினால்தான், சில விதிவிலக்குகள் தவிர, துறை தீர்ப்பாயம் போகும். சாதாரண வாடகை வழக்குகள் அந்த அளவை எட்டுவதில்லை. அப்படிப் போனால், நோட்டீஸ் கிடைத்த 30 நாளில் படிவம் 36ஏ மூலம் உங்கள் எதிர் ஆட்சேபத்தைக் கட்டணமில்லாமல் தாக்கல் செய்யலாம்.

தீர்ப்பாயத்தில் தோற்றால்?

உத்தரவில் பளிச்சென்று தெரியும் பிழை, உதாரணமாக எடுத்த காரணம் ஒன்றுக்கு முடிவே எழுதாமல் விட்டது, இருந்தால் ரூ.50 கட்டணத்தில் திருத்த மனு. உத்தரவு பிறந்த மாத முடிவிலிருந்து ஆறு மாதம் அவகாசம். வழக்கை மறுபடி வாதிட அது இடமல்ல. சட்டக் கேள்வி இருந்தால் உத்தரவு கிடைத்த 120 நாளுக்குள் உயர் நீதிமன்றம். வீடு காலியாக இருந்ததற்கு மின் அட்டை போதுமா, போதாதா என்பதைத் தீர்ப்பாயம் சொல்லிவிட்டால் அங்கே அதைக் கேட்கமாட்டார்கள்.